பனி மாதத்தில் கோழி முட்டையை நிறுத்துவது ஏன்?

மார்கழி, தை வந்தால் "கோழி சும்மாதான் தின்னுது, கறிக்கு அடிச்சிடலாமா?" என்று லயங்களில் எங்களிடம் கேட்கிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

முதலில் இறகைப் பாருங்கள். பழையது உதிர்ந்து புது இறகு முளைக்கிறதா? இறகில் பெரும்பகுதி புரதம்தான். தின்னும் புரதமெல்லாம் அதற்கே போய்விடும். இரண்டு மூன்று மாதத்தில் திரும்பவும் முட்டை இடும்.

மற்றது குளிர். நுவரெலியாப் பக்கம் ஜனவரி இரவுகளில் 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. உடம்புச் சூட்டுக்கே தீன் செலவானால் முட்டைக்கு என்ன மிஞ்சும்? பழஞ்சோறும் தவிடும் மட்டும் போதாது. பின்னேரம் கூட்டில் அடைக்குமுன் ஒரு பிடி சோளம் போடுங்கள். புரதத்துக்குத் தேங்காய்ப் புண்ணாக்கு, கறையான், நெத்தலித் தலை கொடுக்கலாம். நெத்தலியை ஊறவைத்து உப்பைப் போக்கிய பிறகே கொடுக்கவும். உப்புக் கூடினால் கோழி செத்தும் போகும். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு, சும்மா கிடைத்தாலும், வேண்டவே வேண்டாம். அது ஈரலைக் கெடுக்கும்.

ஒரு முட்டைக் கோதுக்கு ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் தேவை. வெறுங்கோதை வறுத்து, நன்றாக நொறுக்கி, தனிச் சிரட்டையில் வையுங்கள். வேண்டிய கோழி தானே கொத்தும். நொறுக்காமல் போட்டால், இட்ட முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும்!

குளிர் நாடுகளில் பகல் 8 மணி நேரமாகச் சுருங்குவதால் கூட்டில் பல்பு போடுவார்கள். நம் நாட்டில் டிசம்பரிலும் பகல் 11½ மணிக்குக் குறையாது. அந்தக் கரண்ட் காசுக்கு ஒரு தகரம் வாங்கிக் கூட்டின் ஒழுக்கை அடைப்பது மேல்.