வாழைச்சேனையிலிருந்து திரும்பாத பாதர்

கல்முனைக்குடியிலிருந்து பிரதான வீதியால் வடக்கே கொஞ்சம் போனால் கல்முனை நகரம். அங்கே வெஸ்லி உயர்தரப் பாடசாலையும் கார்மேல் பற்றிமா கல்லூரியும் இருக்கின்றன. முன்னது மெதடிஸ்தர் தொடங்கியது. பின்னது கத்தோலிக்கத் துறவியர் வளர்த்தது. பாடசாலைகளின் பெயர் பெரிது, சபைகளின் தொகை சிறிது. நாகூர் ஆண்டகை நினைவாகக் கடற்கரைப் பள்ளிவாசலில் கொடியேறும் நாட்களில் கல்முனைக்குடிக் கடலோரமே நிறைந்துவிடும். ஞாயிறு பூசைக்கு அப்படியொரு கூட்டத்தை இங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

தமிழருக்குள்ளும் சிறுபான்மையாக வாழ்கிற கிறிஸ்தவனுக்குத் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் எதற்கு என்று தோன்றலாம். எனக்கென்னவோ, தொகையில் குறைந்தவர்களுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை என்று படுகிறது. நம்முடைய பள்ளிக்கூடம், நம்முடைய சேவை, நாம் படிப்பித்த பிள்ளைகள் என்று கணக்குச் சொல்லும் பழக்கம் நமக்கு அதிகம். கணக்கே சொல்லாமல் போன ஒருவரைத் தேடினால் வேதாகமக் காலம் வரைக்கும் போகத் தேவையில்லை, மட்டக்களப்பு போதும்.

யூஜின் ஜோன் ஹேபர்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜென்னிங்ஸ் என்ற சிற்றூரில் 1923இல் பிறந்தவர். இயேசு சபையில் சேர்ந்து, 1948இல் இலங்கைக்கு வந்தார். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் அவர் பெயரைச் சொன்னால் பழைய மாணவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பூசையல்ல, கூடைப்பந்து. அந்தக் கல்லூரியின் அணியை நாடறியச் செய்த பயிற்றுநர் அவர். பின்னாளில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பொறுப்பேற்றார். ‘ஈ.ரி.ஐ.’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். படிப்பில் பின்தங்கிய பையன்கள் கைத்தொழில் பழகிக்கொண்டு வெளியேறும் இடம் அது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே பட்டறையில் நின்று வேலை பழகினார்கள். அவர்களை மதம் மாற்ற வேண்டும் என்ற அவசரம் அங்கே இருக்கவில்லை. பையனுக்குத் தொழில் தெரிய வேண்டும், அதுதான் நோக்கம்.

இயேசு சபையின் நிறுவுநர் இஞ்ஞாசியார் தமது தியானப் பயிற்சிகளில் தாழ்மையை மூன்று படிகளாகப் பிரித்தார். மூன்றாம் படி கடினமானது: கடவுளுக்கு மகிமை சமமாகவே இருக்கும்போதும், செல்வத்தை விட்டுக் கிறிஸ்துவோடு வறுமையையும், மதிப்பை விட்டு அவரோடு அவமதிப்பையும் தெரிந்துகொள்வது. சபையில் சேரும் ஒவ்வொருவரும் இதைத் தியானிப்பார். தியானிப்பது சுலபம். வெல்டிங் புகையில் ஊர்ப் பையன்களோடு வருடக் கணக்கில் நிற்பது வேறு.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. அந்த ஆகஸ்டை எழுதும்போது கை தயங்குகிறது. 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூர். இரண்டு ஊர்களிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். 12ஆம் திகதி, கல்முனைக்குத் தென்மேற்கே வீரமுனையில் கோவிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஊருக்கு ஊர் பயம். அயலூருக்குப் போய் வருவதே உயிரைப் பணயம் வைக்கிற காரியம்.

அந்த நாட்களில் ஹேபர்ட் பாதர் வாழைச்சேனையில் இருந்தார். சிக்கிக்கொண்ட கன்னியாஸ்திரிகளையும் சனங்களையும் பாதுகாப்பாக வெளியே கொண்டுவரும் அலுவலில் உதவப் போயிருந்தார். 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். ஒரு தமிழ்ப் பையனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். பாதை ஏறாவூர் வழியாகத்தான் போகிறது. அவருக்கு வயது 66. இருவரும் மட்டக்களப்புக்கு வந்து சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை.

இதை ‘வீரம்’ என்று எழுதினால் கட்டுரை எழுப்பமாக முடியும். எனக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. வேதசாட்சி என்று சிலர் சொல்கிறார்கள். அதைத் தீர்மானிப்பது திருச்சபையின் வேலை. எனக்குத் தெரிவது, போன அலுவல் முடிந்ததும் தன் பையன்களிடமும் பட்டறைக்கும் திரும்பப் புறப்பட்ட ஒரு வயசாளி. விசுவாசம் என்பதை அவர் அன்றைக்குப் புதிதாக எடுக்கவில்லை. வருடக் கணக்கில் அந்த வீதிகளில் போய் வந்த பழக்கமே அது.

அவரோடு அதே 1948இல் வந்த ஹரி மில்லர் பாதர் இன்னொரு விதத்தில் தாழ்ந்து போனார். மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்துகொண்டு, பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் பெயர்களைக் குறித்து, முகாம் வாசல்களில் போய் விசாரிப்பார். நியூ ஓர்லியன்ஸ்காரர், பாடசாலை நடத்தியவர், மரியாதைக்குப் பழகியவர். வாசலில் நிற்கிற காவலாளியிடம் காத்து நிற்பதை அவர் குறைவாக நினைக்கவில்லை. முதுமையில் அமெரிக்காவுக்குப் போனவர், அங்கே மனம் ஒட்டாமல் மட்டக்களப்புக்கே திரும்பி வந்து இங்கேயே காலமானார்.

கொடுப்பதில் தாழ்மை காட்டுவது இவர்களைப் பார்த்துப் படிக்கலாம். பெற்றுக்கொள்வதில் காட்டுவது அதைவிடக் கஷ்டம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். ஐந்து நாள் கழித்து, கல்முனைக்குடிக்கு அடுத்த ஊரான சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படையினர் சுற்றி வளைத்தபோது உள்ளே இருந்த அதே குழுவினர் குண்டுகளை வெடிக்க வைத்தார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்களேதான். இன்னொரு தேவாலயம் தப்பியதற்கு அவர்கள் காரணமாக இருக்கலாம். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று சபையில் எழுந்து சொல்ல, புதைகுழி காயாத அந்த மாதத்தில், நாக்குப் புரளுவது இலேசல்ல.

அப்போது முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்ற பேச்சு நாடெங்கும் ஓடியது. கல்முனைச் சந்தையில் வழக்கமான நானாவின் கடைக்கே போன கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்திருக்கும். அவர்கள் அதை யாருக்கும் சாட்சியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டில் அரிசி முடிந்திருக்கும், வாங்கப் போயிருப்பார்கள்.