'கூல்' என்றால் குளிர்ச்சி மட்டுமா?

 

ஆங்கிலத்தில் 'கூல்' என்று ஒரு சொல் இருக்குங்க. முதற்பொருள் இதமான குளிர்ச்சி. நடுக்குகிற குளிருக்கு 'கோல்டு'. நிழல்ல உட்கார்ந்தா வருதே, அது 'கூல்'. இதோடு நின்றிருந்தால் வம்பே இல்லை!

பதறாத மனிதரும் 'கூல்'தான். 'வெள்ளரிக்காய் மாதிரி கூல்' என்று 1732-லேயே ஜான் கே என்ற ஆங்கிலக் கவிஞர் எழுதிவிட்டார். வெள்ளரிக்காய் கோபப்பட்டு யாராவது பார்த்திருக்கீங்களா? (சிரிப்பு)

'கூல் மில்லியன்' என்பான். பணம் குளிருமா? சுளையா பத்து லட்சம்னு அர்த்தம்!

ஆனால், 'கூல் ரிசப்ஷன்' என்றால் ஜில்லென்று வரவேற்றார்கள் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பட்டும் படாமலும் முகங்கொடுத்தார்கள் என்று பொருள். அன்பான வரவேற்பு அவனுக்கு 'வார்ம் வெல்கம்'. குளிர் நாட்டுக்காரனுக்குக் கதகதப்புதான் சுகம். வெயிலில் வாடுகிற நமக்கோ மனசு குளிரணும். சூடு ஆறினால்தான் நமக்கு 'ஆறுதலே'!

இதைப் பாராட்டுச் சொல்லாகப் பரப்பியவர்கள் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர்கள். 1940-களில் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் போன்றவர்கள் வாயில் புழங்கியது. 1957-இல் மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுக்குப் பெயரே 'பர்த் ஆஃப் தி கூல்'. அங்கிருந்து உலகத்து இளைஞர் வாய்க்கெல்லாம் வந்துவிட்டது. அருமை என்றாலும் கூல், சரி என்றாலும் கூல், பரவாயில்லை என்றாலும் கூல்!

இங்கேதான் ஆபத்துங்க. வெளியூர் விடுதியில் படிக்கிற பொண்ணு, "அப்பா, பரீட்சை சரியா எழுதலை" என்று செல்போனில் செய்தி அனுப்புது. அப்பா 'கூல்' என்று ஒரே சொல்லில் பதில் போடுறார். அவர் நினைத்தது, 'பதறாதே'. பொண்ணு எப்படிப் படிக்கும்? 'பரவாயில்லை' என்றா? 'எனக்கென்ன வந்தது' என்றா? நேரில் என்றால் குரல் காட்டிக்கொடுக்கும்; கண் காட்டிக்கொடுக்கும். எழுத்துக்கு ஏதுங்க முகம்?

ஒரு சொல்லுக்கு எத்தனை பொருளும் இருக்கட்டும். பயந்து நிற்கிற பிள்ளைக்கு ஒரே பொருள்தான் போய்ச் சேரணும். அந்த நேரத்தில் சிக்கனம் வேண்டாம். "பயப்படாதேம்மா, அப்பா இருக்கேன்" என்று முழுசாச் சொல்லுங்கள். குழந்தை மனசு குளிரும். (கைதட்டல்)