வளரிளம் பருவத்தில் தன்பால் ஈர்ப்பும் நட்பும்

10 வயது முதல் 19 வயது வரையுள்ள காலம் வளரிளம் பருவம் எனப்படும். பெற்றோரைச் சார்ந்திருந்த பிள்ளைகள் நண்பர்களை நாடத் தொடங்குவதும், பிறர்மீது ஈர்ப்புக் கொள்வதும் இப்பருவத்திலேயே. சிலருக்கு இவ்வீர்ப்பு தம் பாலினத்தவர்மீதே எழுகிறது. இது நோயன்று. உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே இதனை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

நட்பும் அச்சமும்

பிற மாணவர் தம் முதற்காதலை நண்பரிடம் கூறினால், அது பெரும்பாலும் கேலியோடு முடிந்துவிடும். தன்பால் ஈர்ப்புடைய மாணவரின் நிலை வேறு. அவர் விரும்புவது தம் உற்ற நண்பரையே எனில், சொன்னால் நட்பும் போகலாம். செய்தி வகுப்பெங்கும் பரவி வீட்டையும் எட்டலாம். தோளில் கைபோட்டு நடப்பதும், கைகோத்துச் செல்வதும் நம் நாட்டில் இயல்பான நட்பாகவே கருதப்படுகின்றன. இவ்வழக்கம் அவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. ஆயினும், நட்பு எது, காதல் எது என்ற குழப்பத்தையும் மிகுவிக்கிறது. மனந்திறக்க ஆளின்றித் தவிக்கும் அவரது தனிமையை, வயதில் மூத்தோர் சிலர் கைப்பேசி வாயிலாகத் தமக்குச் சாதகமாக்கிக் கொள்ளும் அபாயமும் உண்டு.

சட்டத்தின் நிலை

வயது வந்தோர் இருவர் இசைவுடன் கொள்ளும் தன்பால் உறவு குற்றமன்று என 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் குழந்தையே. பாலுறவுக்கு அவர் தரும் இசைவு செல்லாது. ஆண், பெண் அனைவருக்கும் இது பொருந்தும். ஈர்ப்பு குற்றமன்று, நடத்தைக்கு எல்லை உண்டு. இவ்வேறுபாட்டை அச்சுறுத்தாமல் விளக்குவது ஆசிரியரின் கடமையாகும்.

அரசின் பணிகள்

2014இல் தொடங்கப்பட்ட தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டத்தின்கீழ், இளைஞர்களே தம் வயதினருக்கு வழிகாட்டப் பயிற்சி பெறுகின்றனர். ‘சாத்தியா’ எனப்படும் இவர்களுக்காக 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கையேடு, தன் பாலினத்தவர்மீது ஈர்ப்புக் கொள்வதும் இயல்பே என்றும், உறவுக்கு இசைவும் நம்பிக்கையும் மதிப்புமே அடிப்படை என்றும் எடுத்துரைத்தது. மருத்துவத்தால் இவ்வீர்ப்பை மாற்ற முயல்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை விதித்தது.

இரகசியம் காத்தல்

இத்திட்டங்களின் வெற்றி இரகசியம் காப்பதையே பொறுத்துள்ளது. மாணவர் ஒருவர் மனந்திறந்து பேசினால், முதலில் செவிமடுக்க வேண்டும். அவரது இசைவின்றிப் பெற்றோரிடமோ சக ஆசிரியரிடமோ அவரது ஈர்ப்பைக் கூறலாகாது. பாலியல் கொடுமை நிகழ்ந்திருப்பின் காவல்துறைக்குத் தெரிவித்தல் சட்டப்படி கட்டாயம். உயிருக்கு ஆபத்து எனில் உடனே உதவி நாட வேண்டும். இவ்விதிவிலக்குகளை மாணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நன்று. 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. தம் சொல் வெளியே போகாது என்ற உறுதி கிடைத்தால்தான், இம்மாணவர்கள் உதவி கேட்க முன்வருவர்.