ஒரே டெம்பிள், இரண்டு பஞ்சங்கள்

நெருக்கடி நேரத்தில் தலைவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஒப்பிட வழக்கமாக இரண்டு பேர் வேண்டும். சர் ரிச்சர்ட் டெம்பிள் விஷயத்தில் ஒருவரே போதும்.

1873-74இல் பீகாரில் மழை பொய்த்தது. வங்காளத்தின் துணை ஆளுநராகப் புதிதாக வந்த டெம்பிள் நிவாரணத்தை நடத்தினார். பர்மாவிலிருந்து ஏறத்தாழ நாலரை லட்சம் டன் அரிசி வந்து இறங்கியது. பட்டினிச் சாவு மிகக் குறைவு. பாராட்டு கிடைத்திருக்க வேண்டும், கிடைத்ததோ வசை. மிஞ்சிய அரிசியைக் காட்டி, கஜானாவைக் காலி செய்துவிட்டார் என்றார்கள்.

அடுத்து வந்தது 1876-78இன் பெரும் பஞ்சம். நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் தொடக்கத்திலேயே அரசு செலவில் தானியம் வாங்கினார். வியாபாரத்தில் அரசு தலையிடலாமா என்று மேலிடம் கடிந்துகொண்டது. செலவைக் கட்டுப்படுத்த 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ஆள் யார் தெரியுமா? அதே டெம்பிள்.

சூடுபட்ட பூனை இம்முறை கணக்கில் கறாராக இருந்தது. நிவாரண வேலையில் நாளெல்லாம் மண் வெட்டி, கல் உடைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். பெண்களுக்கு இன்னும் குறைவு. ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். சும்மா இருப்பவருக்கே போதாத அளவு இது. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் விடாமல் எதிர்த்தார்: குறைந்தது ஒன்றரை ராத்தல் வேண்டும், பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்றார். சில மாதங்கள் கழித்துத்தான் படி கூடியது. அதற்குள் முகாம்களில் உடல்கள் வற்றிப்போயிருந்தன. இதற்கிடையில் இந்தியாவிலிருந்து தானியக் கப்பல்கள் வெளியேறிக்கொண்டேதான் இருந்தன.

பீகாரில் என்ன செய்தால் உயிர் பிழைக்கும் என்பது டெம்பிளுக்குத் தெரியாததல்ல. செய்து காட்டியவரே அவர்தான். மாறியது அவருடைய அறிவல்ல, அவர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது என்பதுதான். பக்கிங்ஹாமும் உத்தமர் இல்லை. அதட்டலுக்குப் பிறகு அடங்கித்தான் போனார்.

அவருடைய பெயர் மட்டும் தங்கிவிட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான் பக்கிங்ஹாம் கால்வாயின் சென்னைத் துண்டு. பறக்கும் ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்தால், கீழே கறுப்பாகத் தெரியும்.