உஷார்! முதல் மழையோடு முள்ளைத் தூக்காதீர்கள்

ஐப்பசி மழை இறங்கிவிட்டது. நாவுலப் பக்கம் வீடு கட்டிப் புல் பதித்தவர்களில் பலர் இந்த வாரம் ஒரு வேலைக்கு ஆள் தேடுவார்கள். நான்கு மாதம் கல்லாய்க் கிடந்த முற்றம் இளகியிருக்கிறது, இப்போதே பிடி போட்ட இரும்பு முள்ளால் குத்திக் காற்று விட்டால்தான் புல் பிழைக்கும் என்பார்கள். எண்ணம் சரி. நாளும் விதமும் பிழைத்தால் புல் மட்டும் போகாது, ஆளும் போகக்கூடும். அதனால்தான் மழை வெறிப்பதற்குள் இதை எழுதுகிறேன். இரண்டு மூன்று நாள் பொறுங்கள். காலில் பூட்ஸ் இல்லாமல் யாரும் அந்த மண்ணில் இறங்க வேண்டாம்.

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில், ஏ 9 வீதியில் இருக்கிறது நாவுல. மலைநாட்டின் ஈரம் முடிந்து உலர் வலயத்தின் காய்ச்சல் தொடங்கும் விளிம்பு இது. இங்கே பல காணிகளில் இருப்பது செங்கபில மண். இலங்கை மண்களை வகைப்படுத்தி எழுதிய கலாநிதி பானபொக்கே காலத்திலிருந்து மண் படித்தவர்கள் எல்லாரும் இதைப் பற்றிச் சொல்லும் குறை ஒன்றுதான். காய்ந்தால் இது இரும்பு, நனைந்தால் பசை. இரண்டுக்கும் நடுவே வேலை செய்யத் தோதான ஈரப்பதம் நிற்பது சில நாட்களே. உலர் வலய விவசாயி மழையைப் பார்த்தோ குளத்து நீரைப் பார்த்தோ காத்திருந்து உழவைத் தொடங்குவது சோம்பலால் அல்ல, இந்தச் சில நாட்களைப் பிடிப்பதற்காகவே. வீட்டு முற்றத்துப் புல்லுக்கும் அதே கணக்குத்தான்.

ஆனால் வீட்டு முற்றத்தின் நிலை வயலைவிட மோசம். வீடு எழும்பும்போது பெக்கோ வந்தது, டிப்பர் வந்தது, சீமெந்து லொறி வந்தது. மண் இறுகுவதில் பெரும்பகுதி முதல் சில தடவை சக்கரம் ஏறும்போதே நடந்துவிடுகிறது. பிறகு கிரவல் போட்டு மட்டம் பார்த்து, உருளை ஓட்டி, அதன் மேல் இரண்டு விரல் தடிப்பில் மண் பரப்பி, மலேசியன் புல்லைச் சதுரம் சதுரமாக ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மழைக்காலம் முழுக்கப் பச்சையாக இருக்கும். அடியில் நடப்பது தெரியாது.

நல்ல மண்ணில் கிட்டத்தட்டப் பாதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் ஒரு பாதி நீர், மறுபாதி காற்று. வேருக்கும் மூச்சு உண்டு, மண்புழுவுக்கும் உண்டு. சக்கரமும் உருளையும் முதலில் நசுக்குவது இந்தப் பெரிய துளைகளைத்தான். துளை போனால் மழை உள்ளே இறங்காது. பெய்ததெல்லாம் கேற்றுக்கு வெளியே வீதிக் கானுக்கு ஓடும், உங்கள் கிணற்றுக்கு ஒரு துளியும் சேராது. வேர் இரண்டு அங்குலத்தோடு நின்றுவிடும். தை பிறந்து மழை விட்டால் முதலில் மஞ்சளாவது அந்தப் புல்தான். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் குழாயைத் திறந்து விடுவோம், அதுவும் வீதிக்கு ஓடும். தம்புள்ளைக் கிரிக்கெட் மைதானத்தின் நடுவில் இருக்கும் பிட்ச்சை உருளையால் இறுக்குவது பந்து எகிறுவதற்கு. வீட்டுப் புல்லுக்கு அதே இறுக்கம்தான் எமன்.

உங்கள் முற்றம் இறுகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நீண்ட திருப்புளி போதும். மழை பெய்து இரண்டு நாள் கழித்துக் கையால் அழுத்துங்கள். நான்கைந்து அங்குலம் சிரமமின்றி இறங்கினால் முற்றத்தைத் தொடவே வேண்டாம். ஓர் அங்குலத்தில் நின்று கை நொந்தால் வேலை இருக்கிறது.

அந்த வேலையை நம் ஆட்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து, கவ்வாத்து, கான் வெட்டு என்று சொல்லும் வரிசையிலேயே முள்ளுக்குத்தும் இருக்கிறது. முள்ளைச் செங்குத்தாக இறக்கி, பிடியைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, மண்ணைப் புரட்டாமல் நெகிழ்த்திவிட்டு எடுப்பது அது. வேர் அறுபடாமல் காற்றும் நீரும் உள்ளே போக வழி செய்யும். இன்றைக்குப் படம் போட்டு விற்கும் மெஷின்கள் வருவதற்கு முன்பே எங்கள் பாட்டன்மார் மலைச்சரிவுகளில் நாள் சம்பளத்துக்குச் செய்த வேலை. மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த யாரைக் கேட்டாலும் அந்தச் சாய்ப்பைக் கையால் செய்து காட்டுவார்கள். புல்லில் நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு குத்து, மூன்று நான்கு அங்குல ஆழம். மண்ணைக் குழல் குழலாக வெளியே எடுக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. மண் வெளியே வந்த இடம் உண்மையில் வெற்றிடமாகிறது. வெறும் ஆணி போன்ற முனை மண்ணைப் பக்கவாட்டில் தள்ளி நெருக்குகிறது. அடிப்பாகத்தில் ஆணி பதித்த செருப்புகளை இதற்கென்று விற்கிறார்கள். வாங்காதீர்கள். ஆளின் முழுப் பாரமும் சேர்ந்து அழுத்தும் அந்த ஆணி, திறப்பதைவிட இறுக்குவது அதிகம்.

அலவாங்கு அதைவிடக் கெடுதல். காய்ந்த மண்ணில் முள்ளு வளைகிறதே என்று அலவாங்கை எடுத்து ஓங்கி இறக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. ஓட்டையின் சுவர் சுட்ட பானை மாதிரி இறுகிவிடும், வேர் அதை ஊடுருவாது. போதாததற்குக் குடிநீர்க் குழாயும் கேற் விளக்குக்குப் போகும் வயரும் பல வீடுகளில் ஒரு சாண் ஆழத்தில்கூட இல்லை. எங்கே ஓடுகிறது என்று வீடு கட்டிய மேசனுக்கு மட்டும் தெரியும். மலசலகூடக் குழியின் மூடி எந்த இடத்தில் புல்லுக்கடியில் மறைந்திருக்கிறது என்பதையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு தவறு மணல். குத்திய ஓட்டைகளில் ஆற்று மணலைக் கொட்டிப் பெருக்கிவிட்டால் மண் இளகிவிடும் என்று சொல்லித் தருகிறார்கள். களி கலந்த மண்ணில் கொஞ்சம் மணல் சேர்ந்தால் மணலின் இடைவெளிகளைக் களி நிரப்பிவிடும். வெயில் வந்ததும் மிஞ்சுவது செங்கல். நன்றாக மக்கிய கூட்டெருவை மெல்லத் தூவுங்கள், அது போதும்.

நாளுக்கு வருகிறேன். மழை பெய்த மறுநாள் மண் சேறு. அதில் முள்ளை இறக்கினால் ஓட்டையின் சுவர் மெழுகியது போல வழுவழுப்பாகி அடைபடும், குத்துகிறவரின் காலே மிச்சத்தை மிதித்து இறுக்கிவிடும். மூன்று அங்குல ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாகிப் பெருவிரலால் அழுத்தியதும் உதிர்ந்தால் அன்றுதான் நாள். விரலில் ஒட்டி நாடா போல நீண்டால் இன்னும் பொறுக்க வேண்டும்.

ஆனால் மண்ணுக்குத் தோதான இந்த நாட்கள்தான் மனிதருக்கு ஆபத்தான நாட்கள். நான் அலறுவது இதற்காகத்தான்.

எலிக்காய்ச்சலை மாத்தளை மாவட்டம் மறக்க முடியாது. 2008 இல் இலங்கை முழுவதும் 7,000 க்கும் அதிகமானோரை அது பிடித்தது. இருநூறு பேரளவில் இறந்தார்கள். கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீரில் கிருமி வெளியேறுகிறது. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் உயிரோடு கிடக்கிறது. காலில் ஒரு வெடிப்பு, கையில் ஒரு கீறல் போதும், உள்ளே போய்விடும். வயல்காரர் நோய் என்று எல்லாரும் நினைக்கிறோம். முற்றத்துப் புல்லில் இரவில் எலி ஓடாத வீடு எது?

இரண்டாவது நோயின் பெயரே பலருக்குத் தெரியாது. மெலியோய்டோசிஸ். இந்தக் கிருமி மண்ணிலேயே குடியிருப்பது. விலங்கு எதுவும் இடையில் தேவையில்லை. 1911 இல் ரங்கூனில் அல்பிரெட் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசுவாமியும் பிணப் பரிசோதனைகளில் இதைக் கண்டார்கள். இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927 இல். அதன் பிறகு பல பத்தாண்டுகள் இது இங்கே அரிது என்றே நம்பினோம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேராசிரியர் ஏனோகா கொரேயாவும் குழுவினரும் தேடத் தொடங்கிய பிறகுதான், நாட்டின் பல பாகங்களிலும் இருக்கிறது, நாம்தான் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தோம் என்பது வெளியே வந்தது. மழைக்காலத்தில் அதிகம் பிடிக்கிறது. நீரிழிவு உள்ளவரைத் தேடிப் பிடிக்கிறது என்றே சொல்லலாம். சில நேரம் நெஞ்சுச் சளிக்காய்ச்சல் மாதிரி வரும், சில நேரம் ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியாக வரும். வழக்கமாகக் கொடுக்கும் பல அன்டிபயோட்டிக்குகளுக்கு இது அசையாது. வைத்தியசாலையில் தங்கி நாளத்தின் வழியே மருந்து ஏற்றி, வீடு வந்த பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டும். தடுப்பூசி இல்லை.

அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரில் மழைக்காலம் தொடங்கும்போதெல்லாம் சுகாதாரத் துறை மக்களுக்குச் சொல்வது இதுதான்: தோட்டத்து மண்ணைத் தொடுமுன் நீர் புகாத சப்பாத்தும் கையுறையும் போடுங்கள். நம் ஊரில் புல்லுக்கு மருந்து விற்கிற கடையில்கூட யாரும் இதைச் சொல்வதில்லை.

ஆகவே கம்பூட்ஸ், ரப்பர் கையுறை இரண்டும் இல்லாமல் முள்ளைத் தொட வேண்டாம். காலில் ஆறாத புண் இருப்பவர், சீனி வருத்தம் உள்ளவர், சிறுநீரக நோய் உள்ளவர் இந்த வேலைக்கே இறங்க வேண்டாம். வெளியே இழுத்துப் போட்ட மண் காய்ந்து தூளானால் பெருக்கிப் புழுதி கிளப்பாதீர்கள். முள்ளு காலில் ஏறிவிட்டால் மஞ்சள் பூசி விட்டுவிடாமல், சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஏற்பூசி போடப் போங்கள். எலிக்காய்ச்சலைத் தடுக்க வாரம் ஒரு தடவை விழுங்கும் டொக்சிசைக்கிளினை வயல் வேலை செய்வோருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாகக் கொடுக்கிறார்கள். தேவையா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், பார்மசியில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மண்ணில் இறங்கிய ஒருவருக்கு அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், பெனடோல் போட்டுக் காத்திருக்க வேண்டாம். கெண்டைக்கால் நோகிறதா, கண் சிவந்திருக்கிறதா, சிறுநீர் குறைகிறதா என்று பாருங்கள். இவை இல்லாவிட்டாலும் போங்கள். வைத்தியரிடம் முதல் வாக்கியமாக, மண் வேலை செய்தேன் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் டெங்கு என்றும் வைரஸ் காய்ச்சல் என்றும் நாட்கள் போய்விடும். எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் அந்த நாட்களில்தான் பிடிக்கிறது.

இனிச் சொல்வதுதான் எனக்கு மிகவும் கனமானது. முற்றத்தில் முள்ளைப் பிடிப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் இல்லை. தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கும் கூலிக்காரர். முள்ளுக்குத்துத் தெரிந்தவர் என்று நாமே தேடிக் கூப்பிட்டவர். ரப்பர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வெடித்த குதிக்காலோடு ஈரப் புல்லில் இறங்குவார். மாலையில் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பத்து நாள் கழித்து அவருக்கு லயத்தில் காய்ச்சல் வந்தால், அதை உங்கள் முற்றத்தோடு இணைத்துப் பார்க்க அங்கே யாரும் இல்லை. உங்களுக்கும் தெரிய வராது. அடுத்த மழைக்கு ஆள் தேடும்போது, அவர் வருவதில்லை என்று யாரோ சொல்வார்கள்.

கம்பூட்ஸ் ஒரு சோடியை நீங்களே வாங்கி வையுங்கள், அவருடைய அளவு கேட்டு. இறங்கும் முன் கால் கைகளில் புண் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், இருந்தால் அன்றைய கூலியைக் கொடுத்து வேறு வேலை காட்டுங்கள். முடிந்ததும் சவர்க்காரமும் தண்ணீரும் எடுத்து வையுங்கள். போகும்போது நம்பரை வாங்கிக்கொண்டு, காலண்டரில் பத்தாவது நாளிலும் இருபதாவது நாளிலும் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்த நாளில் கோல் எடுத்து, அண்ணே, காய்ச்சல் ஏதும் இருக்கா என்று கேளுங்கள். இருக்கு என்றால், உடனே வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள், மண் வேலை செய்ததைச் சொல்லச் சொல்லுங்கள், பஸ் காசு இல்லை என்றால் அதையும் அனுப்பி வையுங்கள்.