வீக்கத்தை அடக்கும் மருந்து, விழித்திரையில் தேங்கும் நீர்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒருவருக்குக் கண் சிவந்து வெளிச்சம் கூசினால், 'மெட்ராஸ் ஐ'யாக இருக்கும் என்று மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொள்வார். சிலருக்கு அது யுவியைட்டிஸ், அதாவது கண்ணின் நடு அடுக்கில் வரும் அழற்சி. கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடும். அதை வேகமாக அடக்குவது ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டால் கண்புரை வரும், கண் அழுத்தம் கூடும், சர்க்கரை ஏறும் என்பது பலருக்கும் தெரியும். விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கும் என்பது அவ்வளவாகத் தெரியாது. விழித்திரைக்குப் பின்னாலுள்ள ரத்தக்குழாய்கள் கசிந்து, பார்வையின் மையப்பகுதியில் நீர் தேங்கிவிடுகிறது. நூற்பாலையில் வேலை செய்பவருக்கு நேராக ஓடும் இழை நடுவில் வளைந்து தெரியும். பார்க்கும் முகத்தின் நடுவே மங்கலாக ஒரு திட்டு நிற்கும்.

சிக்கல் இங்கேதான். வி.கே.எச். என்ற அழற்சி நோயிலும் இதேபோல் நீர் கோக்கும். அதற்கு ஸ்டீராய்டை அதிக அளவில் கொடுக்க வேண்டும். ஸ்டீராய்டால் வந்த நீருக்கோ குறைக்க வேண்டும். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் பார்வைக்கு ஆபத்து. ஓ.சி.டி. ஸ்கேனும், சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராமும், தலைவலி, காது இரைச்சல் உண்டா என்ற விசாரிப்பும்தான் வழிகாட்டுகின்றன.

குறைப்பதென்றாலும் சட்டென்று நிறுத்த முடியாது. அழற்சி திரும்பிவிடும், உடலும் தாங்காது. அதனால் மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோஃபெனலேட் போன்ற மாற்று மருந்துகளைச் சேர்த்து ஸ்டீராய்டைப் படிப்படியாக இறக்குகிறார்கள். இரண்டில் எது மேல்? இந்த ஊர்க்காரர்கள் திருமங்கலம் வழியாகப் பஸ் ஏறிப் போய்விடக்கூடிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் பங்கேற்று, 5 நாடுகளில் 216 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம் முதல் ஆசிரியராக இருந்த அதன் முடிவு 2019இல் வெளியானது. ஸ்டீராய்டு நாளுக்கு 7.5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் 6 மாதத்தில் அழற்சி அடங்கியவர்கள் மெத்தோட்ரெக்ஸேட்டில் 66.7 சதவீதம், மற்றதில் 57.1 சதவீதம். புள்ளியியல்படி மைக்கோஃபெனலேட் மேலானது என்று நிரூபணமாகவில்லை. விலை குறைந்த பழைய மருந்து சளைத்ததல்ல என்பது ஏழை நோயாளிக்குப் பெரிய ஆறுதல். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட்டை வாரம் ஒருமுறைதான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது.

ஸ்டீராய்டைக் குறைத்தால் தேங்கிய நீர் பெரும்பாலும் சில மாதங்களில் வற்றிவிடும். வற்றாதவர்களுக்கு லேசர் வகைச் சிகிச்சை உண்டு.

ஸ்டீராய்டு மாத்திரையாக மட்டும் வருவதில்லை. ஆஸ்துமா இன்ஹேலர், தோல் களிம்பு, மூட்டில் போடும் ஊசி எதிலும் இருக்கலாம். கண் டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள அட்டை, டியூப், பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.