கார் ஃப்ரிட்ஜ் கூலாகலையா? 25,000 ரூபாய்க்கு பவர் ஸ்டேஷன் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

காலை 5 மணி. ராமேஸ்வரம். வெயிலுக்கு முன்னாடி சென்னைக்குக் கிளம்பிடலாம்னு காரில் ஏறுறீங்க. சாவியைத் திருப்பினா 'டிக் டிக்'னு சத்தம் மட்டும்தான், செல்ஃப் எடுக்கல. லாட்ஜ் ரூம்ல ஃப்ரிட்ஜ் இல்லைன்னு, அப்பாவோட இன்சுலினை டிக்கியில இருந்த கார் ஃப்ரிட்ஜ்லதான் வச்சிருந்தீங்க. அதுவும் அணைஞ்சு கிடக்கு.

இந்த அனுபவத்துக்கு அப்புறம் பெரும்பாலானவங்க செய்றது ஒண்ணுதான்: போனை எடுத்து, "நோ காஸ்ட் இஎம்ஐ"ல ஒரு பவர் ஸ்டேஷன் ஆர்டர் போடுறது. பேருதான் நோ காஸ்ட். பிராசஸிங் ஃபீயும், வட்டி மேல 18% ஜிஎஸ்டியும் உங்க கார்டு பில்லில் வந்து உட்காரும். அதைவிட முக்கியம், பல பேருக்கு அந்தப் பெட்டியே தேவையில்லை. கோளாறு ஒயரில் இருக்கு.

முதல்ல பேட்டரி கணக்கு

கம்ப்ரெஸர் உள்ள கார் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 45 வாட் எடுக்குது, மொத்த நேரத்துல பாதி நேரம் ஓடுதுன்னு வச்சுக்குவோம். சராசரியா மணிக்கு 22.5 வாட்-அவர். சின்ன காரில் இருக்கிற 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மொத்தமே 420 வாட்-அவர்தான். அதுல பாதிக்கு மேல இழுத்தா வண்டி ஸ்டார்ட் ஆகுறதே சந்தேகம். அப்போ கையில இருக்கிறது 210. சுமார் 9 மணி நேரம். ராத்திரி 8 மணிக்கு வண்டியை நிறுத்தினா, காலை 5 மணியோட கதை முடிஞ்சது. பேட்டரி பழசுன்னா இன்னும் சீக்கிரம்.

இதைத் தடுக்கத்தான் ஃப்ரிட்ஜ்ல ஹை, மீடியம், லோ-ன்னு பேட்டரி பாதுகாப்பு செட்டிங் இருக்கு. ஹை-யில் வச்சா பேட்டரி ரொம்ப இறங்குறதுக்கு முன்னாடியே ஃப்ரிட்ஜ் தானா அணையும். பல மாடலில் இது 11 வோல்ட்டை ஒட்டி இருக்கும். உங்க மாடலுக்கு எவ்வளவுன்னு மேனுவலில் பாருங்க.

அப்புறம் ஏன் வண்டி நின்னுபோச்சு? இங்கதான் ஒயர் வருது.

2,000 ரூபாய்க்குள்ள முடியுற வேலை

டிக்கி வரைக்கும் போற ஒயர் 1 ஸ்கொயர் எம்எம் தடிமன், 5 மீட்டர் நீளம்னு வைங்க. போக வர 10 மீட்டர். ஃப்ரிட்ஜ் 5 ஆம்பியர் இழுக்கும்போது இந்த ஒயரிலேயே 0.9 வோல்ட் காணாமப் போயிடும். பேட்டரியில் 12 வோல்ட் நல்லா இருக்கு, ஃப்ரிட்ஜ் பார்க்கிறது 11.1 மட்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட் லூசா இருந்தா இன்னும் குறையும். உடனே எரர் காட்டி அணையும்.

நாம என்ன பண்றோம்? "சும்மா சும்மா ஆஃப் ஆகுது"ன்னு செட்டிங்கை லோ-வுக்கு மாத்திடறோம். இப்போ ஃப்ரிட்ஜ் அணையாது. ராத்திரி முழுக்க ஓடி, கார் பேட்டரியைக் காலி பண்ணிட்டுத்தான் நிக்கும். ராமேஸ்வரத்துல நடந்தது இதுதான்.

சரியான வழி இது. பேட்டரியிலிருந்து நேரா டிக்கிக்கு 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் இழுங்க. அதே 5 ஆம்பியருக்கு இழப்பு 0.25 வோல்ட்டுக்குள்ள வந்துடும். பேட்டரி பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்துலயே 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஒயர் எங்கயாவது உரசி ஷார்ட் ஆனா, தீப்பிடிக்காம காப்பாத்துறது அதுதான். சிகரெட் பிளக்குக்குப் பதிலா ஆண்டர்சன் கனெக்டர் போட்டா குலுங்கினாலும் கழண்டு வராது. சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு சுத்து சுத்தினா சாமான் கிடைச்சிடும். பொருள், கூலி எல்லாம் சேர்த்து சுமார் 2,000 ரூபாய்க்குள்ள முடிக்கலாம், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

கார் எலக்ட்ரீஷியன் கையால மட்டும் செய்ங்க. கம்பெனி ஒயரிங்கை வெட்ட விடாதீங்க, வாரண்டிக்கு வினை. வேலை முடிஞ்சதும் செட்டிங்கை ஹை-க்கு மாத்துங்க.

செலவில்லாத நாலு பழக்கம்

• கிளம்புறதுக்கு முந்தின ராத்திரியே வீட்டுக் கரண்ட்ல ஃப்ரிட்ஜைக் கூல் பண்ணுங்க. பாட்டில், பால் எல்லாம் ஜில்லுன்னு இருக்கும்போதே உள்ள வைங்க.
• காத்து வெளியேறுற ஓட்டைக்கு முன்னாடி 10 செ.மீ. இடம் விடுங்க. பையை ஒட்டி அடுக்கினா கம்ப்ரெஸர் நிக்காம ஓடும். கவர் போட்டாலும் அந்த ஓட்டையை மூடக் கூடாது.
• நிழல்ல நிறுத்துங்க. கண்ணாடிக்கு சன் ஷேட் போடுங்க.
• இன்சுலின் திறக்காத மருந்துன்னா 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும், உறையவே கூடாது. ஃப்ரிட்ஜை 5-ல் வச்சு, மருந்தை டப்பாவில் போட்டு, சுவரையும் அடிப்பக்கத்தையும் தொடாம மேல வைங்க. பக்கத்துல ஒரு சின்ன தெர்மாமீட்டர் இருக்கட்டும்.

பராமரிப்பு: 20,000 ரூபாய் பொருளைக் காப்பாத்துற 20 நிமிஷம்

மூடி ரப்பர்ல ஒரு 10 ரூபாய் நோட்டை வச்சு மூடுங்க. இழுத்தா சுலபமா வந்துட்டா அங்க குளிர் கசியுது. ரப்பரைத் துடைச்சுப் பாருங்க, சரியாகலைன்னா மாத்துங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை காத்து ஓட்டையில் இருக்கிற தூசியை பிரஷ்ஷால எடுங்க. உள்ள ஐஸ் படிஞ்சா அணைச்சுட்டுத் தானா உருக விடுங்க. கத்தியால் சுரண்டி சுவருக்குள்ள இருக்கிற குழாயில் ஓட்டை விழுந்தா கேஸ் போயிடும். அதோட ஃப்ரிட்ஜும் போச்சு.

படுக்க வச்சு எடுத்துட்டுப் போக வேண்டி வந்தா, நிமிர்த்தி வச்சு சில மணி நேரம் கழிச்சே ஆன் பண்ணுங்க. பரண்ல போடும்போது உள்ள ஈரமில்லாம துடைச்சு, மூடியை ஒரு துணி வச்சுக் கொஞ்சம் திறந்தே விடுங்க, நாத்தம் வராது.

இன்னும் வாங்கலையா?

20,000 ரூபாய் ஃப்ரிட்ஜ். வருஷத்துக்கு 4 ட்ரிப், ட்ரிப்புக்கு 2 ராத்திரி. 5 வருஷத்துல 40 ராத்திரி. அதாவது ஒரு ராத்திரிக்கு 500 ரூபாய். ஜூஸும் தண்ணியும் ஜில்லுன்னு வேணும்னா நல்ல ஐஸ் பாக்ஸும் ஐஸும் அதைவிட ரொம்பக் கம்மியில் முடியும். மருந்து, குழந்தைக்குப் பால்னு தேவை இருந்தா அந்த 500 நியாயமான செலவு.

பவர் ஸ்டேஷனும் அப்படித்தான். ஒரே இடத்துல ரெண்டு மூணு நாள் வண்டியை நிறுத்தித் தங்குறீங்கன்னா வாங்குங்க. தினமும் ஓட்டிட்டே போறவங்களுக்கு நல்ல ஒயரும் ஹை செட்டிங்கும் போதும்.

அடுத்த ட்ரிப்புக்கு முன்னாடி வீட்டு வாசல்லயே ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்க. காலையில வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா, பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட ஜம்பர் கேபிள் வாங்கலாம். ராமேஸ்வரத்துல அதிகாலை 5 மணிக்கு யாரை எழுப்புவீங்க?